வேண்டாமுங்க பாய்

மளிகைக் கடை வைத்துக்கொண்டு, வாங்க வந்தவர்களிடமெல்லாம் "வேண்டாமுங்க" என்று சொல்லியே காலம் தள்ளிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் கோயமுத்தூரில், குனியமுத்தூர்ப் பக்கம், நான் குடியிருந்த மாடி அறைக்கு நேர் கீழே கடை வைத்திருந்தார். அவருடைய நிஜப் பெயர் வீதியில் யாருக்கும் தெரியாது. கடைப் பலகையில் இருந்த பெயர் அவருடைய மாமனாருடையது. எங்களுக்கு அவர் வேண்டாமுங்க பாய்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மதுக்கரையில் ஒரு சிமெண்ட் ஆலையின் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்து, மதுரையிலிருந்து ஒரு பெட்டியும் படுக்கையுமாக நான் வந்து இறங்கியிருந்தேன். மதுரைக்காரனுக்கு அந்த ஊரில் முதலில் பிடிபடாத விஷயம் மரியாதை. இரண்டு பேர் சைக்கிளில் மோதிக்கொண்டு விழுந்தால், "ஏனுங்க, பாத்து வரக்கூடாதுங்களா?" என்று ஒருவர் கேட்பார். "நீங்களுந்தானுங்க பாக்கோணும்" என்று மற்றவர் பதில் சொல்வார். எங்கள் ஊரில் அந்நேரம் சட்டை கிழிந்திருக்கும். இவர்கள் ஒருவர் சைக்கிளை ஒருவர் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டிருப்பார்கள்.

குடிவந்த அன்று சாயங்காலம் பாய் கடைக்குப் போனேன். கண்ணாடி அலமாரியில் புதிதாக ஒரு பிஸ்கட் பாக்கெட் இருந்தது. உறையில் கோதுமைக் கதிரும், ஓடுகிற மனிதன் ஒருவனின் படமும் இருந்தன. அதைக் கேட்டேன்.

"வேண்டாமுங்க தம்பி" என்றார் பாய்.

"ஏன் பாய்?"

"நார்ச்சத்து பிஸ்கட்டுங்க. நானே தின்னு பாத்துட்டனுங்க. அட்டைப் பெட்டியத் தின்ன மாதிரியே இருக்குதுங்க. உங்களுக்கு வேற எடுத்துக் குடுக்கறனுங்க."

"அப்புறம் எதுக்கு வாங்கி வச்சிருக்கீங்க?"

பாய் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கொண்டாந்த தம்பி நெம்ப மரியாதையாக் கேட்டாருங்க."

அவருடைய வியாபாரத்தின் முழுச் சிக்கலும் அந்த ஒரு பதிலில் அடங்கிவிட்டது. கம்பெனிக்காரன் வந்து நின்றால் அவருக்கு இல்லையென்று சொல்ல வராது. வாடிக்கையாளர் வந்து நின்றால் பொய் சொல்ல வராது. ஒரு பக்கம் வாங்கிக்கொண்டே இருப்பார். மறுபக்கம் விற்க மாட்டார். நடுவில் சரக்கு மட்டும் பரண் வரை ஏறிக்கொண்டே போனது.

அந்த நாளில் ஊருக்கே திடீரென்று உடம்பைப் பற்றிக் கவலை வந்திருந்தது. டாக்டர் யாரையாவது பார்த்து "எண்ணெயைக் குறைங்க" என்று சொன்னால் போதும், மறுநாளே டை கட்டிய ஒரு பையன் எண்ணெயில்லாத மிக்சரோடு வீதிக்குள் வண்டியை நிறுத்துவான். சோயா உருண்டை, ஓட்ஸ், தவிட்டு ரஸ்க், சர்க்கரை போடாத ஜாம், முளைகட்டிய பயறு மாவு என்று எது வந்தாலும் முதலில் வந்து சேருகிற இடம் பாய் கடை. அவர் பையனை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுப்பார். ஊர் எது, அம்மா அப்பா சௌக்கியமா, மதியம் சாப்பிட்டாயா என்றெல்லாம் விசாரிப்பார். விசாரித்த பிறகு எப்படி இல்லையென்று அனுப்புவது? அவருடைய அகராதியில் ஆகக் கடுமையான மறுப்பே "பாக்கலாமுங்க" என்பதுதான். பையன்கள் அதைக் கேட்டதும் ஒரு பெட்டியை இறக்கிவைத்துவிட்டுப் போவார்கள்.

விற்காத சரக்கையெல்லாம் வீட்டில்தான் தின்று தீர்க்க வேண்டும். கடைக்குப் பின்னாலேயே வீடு. பாயின் மனைவியை வீதியில் எல்லோரும் பாயம்மா என்போம். ஒருநாள் நான் உப்பு வாங்கப் போனபோது அவர் உள்வாசலில் நின்று புலம்பினார்.

"பிரியாணில கறிக்குப் பதிலா சோயா போடறனுங்க தம்பி. இடியாப்பத்துக்குப் பதிலா ஓட்ஸ் கஞ்சிங்க. நேத்து எங்க அண்ணன் காங்கேயத்துல இருந்து வந்தாருங்க. ஒரு வாய் வெச்சுப்போட்டு, 'ஊட்டுல யாருக்கு ஒடம்பு செரியில்ல?'ன்னு கேக்கறாருங்க."

இந்த அண்ணன்தான் பாயின் மச்சான். காங்கேயத்தில் தேங்காய்க் களம் வைத்திருந்தார். கடை அவருடைய அப்பா நடத்தியது என்பதால், கடைமேல் அவருக்கு ஒரு கண். அதற்குத் தகுந்தாற்போல மெயின் ரோட்டில் ஏ.சி. போட்ட டிபார்ட்மெண்ட் ஸ்டோர் ஒன்று திறந்திருந்தது. சாமான் வாங்காவிட்டாலும் குளிர்ச்சிக்காகவே பாதி வீதி அங்கே போய் நின்றது. மச்சான் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: பெருநாள் முடிந்ததும் வருவேன், கடை தேறாது என்று தெரிந்தால் இழுத்து மூடிவிட்டு எல்லோரும் காங்கேயம் வந்துவிட வேண்டும், களத்தில் பாய்க்கு வேலை இருக்கிறது.

"என்ன வேலை?" என்று பாயிடம் கேட்டேன்.

"காயப்போட்ட தேங்காப் பருப்புக்குக் காவலுங்க. காக்கா ஓட்டோணும்" என்றார் பாய். முகம் வாடியிருந்தது. "காக்காகிட்டப் போயி, 'போங்க, போங்க'ன்னு சொல்லிட்டு நிப்பனுங்க தம்பி. அது போகவா போகுது?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அந்த மனிதரைக் களத்துமேட்டு வெயிலில், கையில் ஒரு குச்சியோடு நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அந்த வாரம்தான் என் நாக்குக்கு உத்தியோகம் கிடைத்தது. கடையில் நாலைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். பாய் ஒரு தவிட்டு ரஸ்க்கை உடைத்து எல்லோருக்கும் கொடுத்தார். "நல்லாருக்குதுங்க", "அருமைங்க" என்று சொல்லிக்கொண்டே ஆளுக்கு ஒரு துண்டை முந்தானையில் முடிந்துகொண்டார்கள். என் கைக்கும் ஒன்று வந்தது. கடித்துப் பார்த்துவிட்டு, "என்ன பாய் இது, மாட்டுக்கு வைக்கிறத மனுசனுக்குக் குடுக்குறீங்க?" என்றேன்.

ஒரு அம்மா எனக்காக வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பாய் மட்டும் கல்லாவை விட்டு இறங்கி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"இந்த ஊர்ல இப்பிடிச் சொல்றக்கு ஆளே இல்லீங்க தம்பி. வெஷத்தக் குடுத்தாலும் 'நல்லாருக்குதுங்க'ன்னு சொல்லிப்போட்டுத்தான் சாவாங்க. சனிக்கெழம சாயங்காலம் சித்த கீழ வந்து உக்காந்துக்குங்க. கம்பெனித் தம்பிங்க வருவாங்க. நான் சொல்ல முடியாதத நீங்க சொல்லிப்போடுங்க."

அப்படியாகச் சனிக்கிழமை தோறும் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஸ்டூல் விழுந்தது. வருகிற பையன்களிடம், "இவருதானுங்க நம்ம கடை டேஸ்ட் ஆபீசரு. மதுரைங்க" என்று அறிமுகம் செய்வார். 'மதுரைங்க' என்பதை, பின்னால் நடக்கப்போவதற்கு முன்கூட்டியே மன்னிப்புக் கேட்கிற குரலில் சொல்வார்.

முதல் ஆளாக எண்ணெயில்லா மிக்சர் வந்தது. ஒரு பிடி அள்ளிப் போட்டுக்கொண்டேன். "இதுல இல்லாதது எண்ணெய் மட்டும் இல்லப்பா, மிக்சருந்தான்" என்றேன். பையன் முகம் சுருங்கிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. திரும்பிப் பார்த்தால் பாயைக் காணோம். வீதி முனையில் பையனின் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "தம்பிக்கு மனசுல ஒண்ணுமில்லீங்க, வாய்தானுங்க அப்படி" என்று சமாதானம் சொல்லி, ஒரு பெட்டி மிக்சரோடு திரும்பி வந்தார்.

அடுத்த வாரத்திலிருந்து கம்பெனிக்காரன் போகிறவரை பாயைக் கடையை விட்டு இறங்கவிடாமல் பார்த்துக்கொள்வதும் என் வேலையில் சேர்ந்தது. பாயம்மா உள்வாசலில் காவல், நான் வெளிவாசலில்.

பிறகு பச்சைப் பொடி வந்தது. குளத்துப் பாசியைக் காயவைத்துப் பொடித்தது என்றான் கொண்டுவந்தவன். தண்ணீரில் கலக்கி என் கையில் கொடுத்து, "விண்வெளிக்குப் போறவங்க சாப்பிடறது சார்" என்றான். குடித்தேன். "அவங்களுக்கு அங்க வேற கடை கிடையாது தம்பி" என்று டம்ளரைத் திருப்பிக் கொடுத்தேன். பாய்க்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. கம்பெனிக்காரன் மனம் புண்படக்கூடாது என்று சர்க்கரை மூட்டைக்குப் பின்னால் போய்க் குனிந்துகொண்டு சிரித்தார். என் பற்களில் ஒட்டிய பச்சை திங்கட்கிழமைவரை போகவில்லை. ஆபீசில் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உடம்புக்கு ஏதாவது இருந்தால் மறைக்காமல் சொல்லச் சொன்னார்.

இவ்வளவு பாடுபட்டும் ஒரு புதுத் தொல்லை முளைத்தது. பாய் சொன்னால் சரியாக இருக்கும் என்று வீதிப் பெண்களுக்குத் தெரிந்துபோயிற்று. டிபார்ட்மெண்ட் ஸ்டோரில் வாங்கிய பாக்கெட்டையும் பையிலிருந்து எடுத்து, "பாய், இது நல்லாருக்குமுங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். பாய் பிரித்து, வாயில் போட்டு, கண்ணை மூடி யோசித்து, தீர்ப்புச் சொல்வார். இன்னொருத்தன் கடைச் சரக்குக்கு இவர் சம்பளமில்லாத நீதிபதி.

பெருநாள் முடிந்த மூன்றாம் நாள் மச்சான் வந்தார். வெள்ளை வேட்டியும், வாட்டசாட்டமான உடம்பும், எதையும் ஒரு தரம்தான் கேட்பேன் என்கிற முகமும். காலையிலிருந்து என் ஸ்டூலில் உட்கார்ந்து கடையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பரணில் ஏறி எட்டிப் பார்த்தார். இறங்கும்போது தலையெல்லாம் ஓட்ஸ். அந்த நேரம் பார்த்து ஓர் அம்மா வந்து நம் அலமாரியில் இருந்த ஜாமைக் கேட்டார். மச்சான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாய், "வேண்டாமுங்கம்மா" என்றார். அந்த அம்மா போகிற போக்கில் மெயின் ரோட்டில் வாங்கிய சத்துமாவைக் காட்டிக் கருத்துக் கேட்டார். பாய் அதை ருசித்து, "இது நல்லாருக்குதுங்க, கொழந்தைங்களுக்குக் குடுங்க" என்று வாழ்த்தி அனுப்பிவைத்தார்.

மச்சான் நெற்றியில் அடித்துக்கொண்டார். நான் வேலை முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"நீங்கதானுங்களா அந்த மதுரைத் தம்பி? மூஞ்சிக்கு நேரா உள்ளதச் சொல்றவருன்னு தங்கச்சி சொல்லுச்சுங்க. ஒத்த வார்த்தைல சொல்லிப்போடுங்க. இந்தக் கடை தேறுமுங்களா, தேறாதுங்களா?"

உள்வாசலில் பாயம்மா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். பாய் என்னைப் பார்க்கவில்லை. தராசுத் தட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார், துடைத்த இடத்தையே திரும்பத் திரும்ப.

நான் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவன். அந்தக் கடை தேறாது என்பதற்குக் கணக்குப் படித்திருக்கவும் வேண்டியதில்லை, பரணை ஒரு தரம் பார்த்தால் போதும்.

"நல்லாத் தேறுமுங்க" என்றேன்.

என் வாயிலிருந்து அந்தக் கோயமுத்தூர் 'ங்க' அதுவரை வந்ததில்லை. மச்சான் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். இவன் எதையும் நல்லதென்று சொல்லிக் கேட்டதில்லை என்று அவருடைய தங்கச்சியே சொல்லியிருக்கிறாள், அதனால் நம்பாமல் இருக்க வழியில்லை. "அப்பச் செரிங்க. பாக்கலாமுங்க" என்று எழுந்து, தலையில் இருந்த ஓட்ஸைத் தட்டிவிட்டுக்கொண்டு கடைசி பஸ்ஸுக்குப் போனார்.

சொல்லியாகிவிட்டது. சொன்னதை எப்படியாவது நிஜமாக்க வேண்டுமே என்று, அடுத்த சனிக்கிழமை பாயைப் பெரிய கடை வீதிக்கு வெல்லம் பார்க்க அனுப்பிவிட்டு, கல்லாவில் பாயம்மாவை உட்காரவைத்தேன். அவர் வாயிலிருந்து மறுப்பு தயங்காமல் வந்தது. "வேண்டாமுங்க, பெட்டியை எடுத்துக்குங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் கேட்ட பையன் டீக்குக்கூட நிற்கவில்லை. இவ்வளவு நாள் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் பாசியைக் குடித்துக்கொண்டிருந்த நான் எதற்கு என்று எனக்கே கேட்கத் தோன்றியது. அதன்பின் சனிக்கிழமைகளில் கல்லா அவர் பொறுப்பாயிற்று; புதிதாக எதுவும் ஏறாமல் பரண் மெல்ல மெல்லக் காலியாயிற்று. தின்பண்டத்துக்குத் தீர்ப்புக் கேட்க வந்த பெண்கள், வந்ததுதான் வந்தோமென்று அரிசி பருப்பையும் அங்கேயே வாங்க ஆரம்பித்தார்கள். நான் மாற்றலாகிப் போகிறவரை கடை ஓடியது.

ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று பாய் என்னை பஸ் ஏற்றிவிட வந்தார். பஸ் புறப்படக் காத்திருக்கும்போது, மனதில் வெகுநாளாக வைத்திருந்ததைக் கேட்டார்.

"தம்பி, மச்சான்கிட்ட அன்னிக்குச் சொன்னீங்களே, அது நெசமாலுமே மனசுல பட்டுச் சொன்னதுங்களா?"

எத்தனையோ பாக்கெட்டுகளை அவர் முகத்துக்கு நேராகவே மட்டம் தட்டியிருக்கிறேன். இதை மட்டும் அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. "ஆமா பாய், மனசுல பட்டுத்தான் சொன்னேன்" என்றேன். யோசித்துப் பார்த்தால் அதுவும் பொய்யில்லை. கடை தேறுமென்று அன்று என் மனதில் படவில்லை. மாடிப்படி இறங்கினால் கீழே அவர் இருக்க வேண்டும் என்று பட்டது, அவ்வளவுதான்.