பதினோரு முறை கேட்ட சத்தம்

ஞாயிறு காலை 9.40. தேவாலயத்தில் பூசை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது, மேசைக்கடியில் மண்டியிட்டு, கம்ப்யூட்டர் பெட்டியில் காதை வைத்திருந்த என் மனைவி செலினை. பூசைக்குக்கூட வராமல் எழுத உட்கார்ந்தவள்.

"ஏங்க, உள்ள என்னமோ டக்கு டக்குங்குது. என் ஆய்வேடு பூரா இதுலதான் இருக்கு. வெள்ளிக்கிழமை கொடுக்கணும்."

மீன் விற்கும் பெண்களைப் பற்றிய நான்கு வருட உழைப்பு. வேறு நகல் கிடையாது. பதறாதே என்றேன். (பத்திரிகை நிருபர் நான், பதறலாமா?)

அவள் தன் அண்ணன் அந்தோணியை அழைத்தாள். கிளிஞ்சல்மேட்டில் படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். வந்தவர் பக்கத் தகட்டைக் கழற்றினார். நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை ஒவ்வொரு பாகத்தின் மேலும் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டார். எஞ்சினுக்குப் பார்க்கிற அதே முறை.

"ஃபேன்ல இல்ல மாப்ள. இந்தச் சின்னப் பொட்டியிலதான்." விரல் ஹார்ட் டிஸ்க்கைக் காட்டியது. "கடல்ல எஞ்சின் இப்படிச் சத்தம் போட்டா நாங்க நின்னு ஆராய மாட்டோம். ஓடுறப்பவே கரைக்குத் திருப்பிடுவோம். மொதல்ல உள்ள இருக்கறத வெளிய எடுங்க."

"இது படகு இல்ல மச்சான்" என்று சிரித்தேன். (அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் காது சுடுகிறது.) அவர் ஸ்குரூடிரைவரைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஒருவர் மட்டும் சொன்ன தகவலை அச்சுக்கு அனுப்பாதவன் நான். நோட்டை எடுத்தேன். கம்ப்யூட்டரை அணைத்து அணைத்துப் போட்டு, சத்தம் எத்தனையாவது விநாடியில் வருகிறது, எத்தனை தரம் வருகிறது என்று குறித்தேன். ஃபேன் வயரைப் பிடுங்கிவிட்டும் கேட்டேன்.

"பென் டிரைவ்ல ஏத்திட்டாவது ஆராயுங்களேன்" என்றாள் செலின்.

"இரு, எங்கேன்னு உறுதியாகட்டும்."

பதினோராவது முறை உறுதியானது. மச்சான் காட்டிய அதே இடம். பன்னிரண்டாவது முறை சத்தமே வரவில்லை.

"பாத்தியா, நின்னுடுச்சு!" என்று வெற்றியோடு திரும்பினேன். செலின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹார்ட் டிஸ்க்கைக் காணவில்லை என்று அதில் எழுதியிருந்தது.

என் நோட்டில் எல்லாம் துல்லியமாக இருந்தது. அவளிடம் எதுவும் இல்லை. கவனமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு, செத்துக்கொண்டிருந்த ஒன்றைப் பக்கத்தில் உட்கார்ந்து பதிவு செய்திருக்கிறேன்.

அவள் அழவில்லை. கையெழுத்துக் குறிப்பேடுகளைத் தரையில் பரப்பி, அண்ணன் கொண்டுவந்த பழைய மடிக்கணினியில் முதல் வரியிலிருந்து தட்டத் தொடங்கினாள்.

இப்போதும் வீட்டில் மிக்சி கரகரத்தால் என் மகள் கத்துவாள்: "அம்மா, சட்னிய வெளிய எடுத்துடுங்க! அப்பா நோட்டோட வர்றாரு!"

ஆய்வேடு மறுவருடம் ஏற்கப்பட்டது. நன்றியுரையில் படகு மெக்கானிக் அந்தோணியின் பெயர் இருக்கிறது. என் பெயர் இல்லை.