காடை வெடித்த மதியம்

பயந்தது நான் ஒருவன் மட்டும் என்றால் கமுக்கமாக இருந்திருப்பேன். ஒரு தெருவையே ஓடவிட்டவன் நான். (செருப்புகூட இல்லாமல்.)

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருபது வருஷமாக ஃபோர்மேன். மனைவி ஜெசிந்தா குவைத்தில் நர்ஸ். தினமும் சாயங்காலம் போன் வரும். "சாப்பிட்டீகளா?" "சாப்பிட்டேன்." அதற்கப்புறம் ஒருவர் மூச்சுவிடுவதை ஒருவர் கேட்டுக்கொண்டிருப்போம்.

"சும்மா உக்காந்திருக்காம வாசல்ல ஏதாச்சும் நட்டு வைங்க" என்றாள். கரிசல்காட்டு ஓரத்திலிருந்து கொழுக்கட்டைப்புல்லைப் பிடுங்கிவந்து நட்டேன். நரிவால் மாதிரி கதிர்விட்டது. தினைக்குருவிகள் வந்தன. கடைசியில் ஒரு காடை வந்து தூருக்கடியில் ஆறு முட்டை இட்டது. எங்கள் போன் அரைமணி நேரமாக நீண்டது. காடை எப்போது எழுந்தது, எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தது, எல்லாம் ஜெசிந்தாவுக்குத் தெரிந்தாக வேண்டும்.

வெயிலில் புல் காய்ந்தது. கம்பெனியில் ஒரு காய்ந்த புல் கிடந்தாலே கத்துகிறவன் நான். காடை இருக்கும்போது எப்படி வெட்டுவது? கம்பெனி வழக்கப்படி தீயணைக்கும் சிவப்பு மணல்வாளி ஒன்றைப் பக்கத்தில் தொங்கவிட்டேன்.

"முட்டைய ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க" என்று ஒருநாள் கேட்டாள். மறுநாள் ஞாயிறு. மதியம் குனிந்து புல்லை விலக்கினேன். காடை உள்ளேதான் இருந்திருக்கிறது. என் மூக்குக்கு நேராக விர்ர்ரென்று கிளம்பியது.

எங்கள் தொழிலில் சத்தம் கேட்டபின் யோசிக்கக் கூடாது. வாளி மணலை அப்படியே புல்மேல் கொட்டினேன். "ஓடுங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். தெரு முழுக்கப் பட்டாசுக்காரர்கள்தான். ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. சோற்றுக்கையோடு பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்துவிட்டார்கள்.

"என்னண்ணே வெடிச்சது?" எதிர்வீட்டுப் பாக்கியத்துக்கு மூச்சிரைத்தது.

"காடை."

"ஏ ஆத்தி! ஒரு காடைக்கா எங்கள அம்புட்டு ஓட்டம் ஓடவிட்டீக?"

திரும்பிவந்து மணலைக் கையால் அள்ளினேன். ஆறு முட்டையும் உடையாமல்தான் இருந்தன. மூன்று நாள் லீவு போட்டு ஜன்னலிலேயே உட்கார்ந்திருந்தேன். காடை வரவில்லை. போனில் மட்டும் "படுத்திருக்கு" என்று மூன்று நாளும் புளுகினேன். போட்டோ கேட்டால், வெளிச்சம் சரியில்லையாம்.

நான்காம் நாள், தெரு ஓடியதுவரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் விட்டுவிட்டு மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அழுகிறாள் என்றே நினைத்தேன். இல்லை, சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

இப்போதெல்லாம் அவள் சாப்பிட்டீகளா என்று கேட்பதில்லை.

"வெடிச்சிருச்சா?"

"இன்னும் இல்ல" என்பேன், ஜன்னல் வழியே காடை திரும்பாத புல்லைப் பார்த்துக்கொண்டு. வாளியை அந்த ஞாயிறன்றே கழற்றிவிட்டேன்.