புல் காத்த அரசு

கரையோரத்தில், இடுப்பளவு ஆழத்தில், பசும்புல் நாடு என்று ஒரு நாடு இருந்தது. பார்த்த இடமெல்லாம் கடற்புல். இறால் குஞ்சுகள் அதற்குள் ஒளிந்தன. கடல்குதிரைகள் புல்லை வாலால் சுற்றிப் பிடித்து அலைக்குத் தப்பின. முள் நிறைந்த உருண்டைகளான கடல் முள்ளெலிகள் பழுத்த இலைகளை மேய, அந்த இடத்தில் தளிர் வந்தது. முள்ளெலிகள் அதிகமானால் கிளாத்தி மீன்கள் வந்து சிலவற்றைப் புரட்டிப்போட்டுத் தின்றன. தின்னப்பட்டவர்களைத் தவிர யாருக்கும் இது குறையாகத் தெரியவில்லை.

அந்தக் குறையைச் சொல்லித்தான் முள்ளெலித் தலைவர் கூர்முடியார் தேர்தலில் நின்றார். முள்ளெலிகளுக்கு வாய் அடிவயிற்றில் இருப்பதால் அவர் பேச்சில் பாதி மணலுக்குள் போனது. மீதிப் பாதி நன்றாக இருந்ததால் மக்கள் வாக்களித்தார்கள்.

முதல் ஆணையில் கிளாத்திகள் நாடு கடத்தப்பட்டன. முள்ளெலிகள் பெருகின, பழுத்த இலை தீர்ந்தது. இரண்டாம் ஆணை, தளிர் என்பது வருங்காலத்தில் பழுக்கப்போகும் இலையே என்று விளக்கியது. மூன்றாம் ஆணை, வேர் என்பது தலைகீழாக வளரும் இலை என்றது.

சுருளாண்டி என்ற கடல்குதிரை அப்போது நிறைமாதமாக இருந்தார். அவர்கள் இனத்தில் ஆண்கள்தான் பிள்ளை சுமப்பார்கள். அவர் பிடித்திருந்த புல்லை ஒரு முள்ளெலிக் குடும்பம் காலை உணவாக முடித்துவிட, அவர் புல்வளத்துறைச் செயலரிடம் போனார்.

"ஐயா, வயித்துல இருநூறு புள்ளைங்களோட நிக்கிறேன். புடிச்சுக்க ஒத்தப் புல்லு இல்ல."

செயலர் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினார். "புல்லு இல்லைன்னு சொல்லாதீங்க. மணல்பரப்பு கூடியிருக்குன்னு சொல்லுங்க. எதையாவது புடிச்சுக்கிட்டே நிக்கிறது அடிமைப் புத்தி. சுயமா நின்னு பழகுங்க."

மறுநாள் அதுவே நான்காம் ஆணையாயிற்று. சுயமாக நிற்கும் பயிற்சி முகாமில் முந்நூறு கடல்குதிரைகள் சேர்ந்தன. முதல் அலையிலேயே முகாம் நிறைவுற்றது. பயிற்சி பெற்றவர்கள் வெளிநாடு சென்றுவிட்டதாக அரசு பெருமையுடன் அறிவித்தது.

முகாமுக்குப் போகாத சுருளாண்டி, அறுந்த வலைக்கயிறு ஒன்றைப் பிடித்துக்கொண்டு பிள்ளை பெற்றார். ஒளிய இடமில்லாத பிள்ளைகளை நீரோட்டம் கொண்டுபோனது. மாலையில் மிஞ்சியவை பதினொன்று. அவர் அழவில்லை. பதினொன்றையும் வாலில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், கிளாத்திகளைத் திரும்ப அழைத்தால்தான் புல் முளைக்கும் என்று சொன்னார். வேர் போனதால் மணல் கிளம்பி நீர் கலங்கியிருந்தது. முள்ளெலிகளே பட்டினி கிடந்தன. எல்லோரும் அவர் சொன்னதை ஒப்புக்கொண்டார்கள். கூர்முடியார் கவிழ்ந்தார்.

மறுதேர்தலில் பசுந்தலையார் என்பவர் நின்றார். அவரும் முள்ளெலிதான். ஆனால் தலைமேல் பச்சைப் புல் ஒன்றைச் சூடியிருந்தார். நாட்டில் மிஞ்சியிருந்த ஒரே புல் அது.

"அவங்க தின்னாங்க. நான் தலையில வச்சுக் காப்பாத்துனேன்," என்றார். கூட்டம் கண்கலங்கியது.

கிளாத்திகளைப் பற்றிக் கேட்கத்தான் சுருளாண்டி முன்னே வந்தார். அந்த நேரம் பெரிய அலை ஒன்று எழுந்தது. பிடித்துக்கொள்ள வேறெதுவும் இல்லை. அவர் அந்தப் புல்லைச் சுற்றிப் பிடித்தார். பிள்ளைகள் அவரைப் பிடித்தன. அலை ஓய்ந்ததும், சுருளாண்டியே பசுந்தலையார் பக்கம் சேர்ந்துவிட்டார் என்று கூட்டம் ஆரவாரித்தது.

பசுந்தலையார் அமோகமாக வென்றார். சுருளாண்டி இப்போது புல்வளத்துறை அமைச்சர். அலுவலகம் தலைவரின் தலைமேல். யாராவது கிளாத்திகளைப் பற்றிக் கேட்டால் பிள்ளைகளை ஒருமுறை பார்த்துக்கொள்கிறார்.

"அதுக்கு ஒரு குழு போட்டிருக்கோம்," என்கிறார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. இங்க எடமில்ல."