வலது கன்னத் தொண்டர்

காக்கை, குருவி, கழுகு என்று பறவைகளில் இருப்பதுபோலத் தொண்டர்களிலும் இனங்கள் உண்டு. அவற்றுள் மானியத் தொண்டர் என்றோர் இனம். அதன் அழகான ஆண் ஒன்று, தமிழும் மலையாளமும் கலந்து பேசும் கரமனையில் வசிக்கிறது. பெயர் உமாசங்கர்.

நோயாளி வீட்டுக்குள் நுழைந்ததும் இந்த இனத்தார் முதலில் எதைப் பார்ப்பார்கள்? நாடியையா? வெளிச்சத்தை! ஜன்னல் எந்தப் பக்கம் என்று பார்த்து, பேனரைக் கட்டி, ஓர் ஆப்பிளை நீட்டி, நோயாளி அதை வாங்கிவிடாதபடி கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, வலது கன்னத்தைக் கேமராவுக்குத் திருப்பி, “இன்னும் ஒண்ணு எடு” என்பார்கள். அதற்குள் நோயாளிக்குக் கை கடுத்துவிடும். வலது கன்னம் ஏன்? அதில்தான் கருணை தெரிகிறதாம்.

அக்கா உலகம்மைக்கு இதெல்லாம் பெருமையோ பெருமை. பத்தாவதோடு நின்றவருக்குத் தம்பி ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதுவதே ஒரு கச்சேரி. பேனரைத் துடைத்துச் சுருக்கமில்லாமல் சுருட்டி வைப்பது அவர். தம்பி படமெடுத்துவிட்டுப் போன வீடுகளுக்கு மறுநாளும், அதற்கு மறுநாளும் போவதும் அவர்தான்.

இப்போது சக்கர நாற்காலியோடு ஏற்றிச்செல்லும் வண்டி ஒன்றுக்கு மானியம் கேட்டிருந்தார்கள். கிடைக்காவிட்டால் விழிஞ்ஞத்துத் தாணுலிங்கம் டயாலிசிஸுக்கு இனியும் ஆட்டோவில் மடங்கித்தான் போகவேண்டும். நேரில் பார்க்க, மானியம் தரும் அறக்கட்டளையின் பத்மஜா மேடம் வருகிறார். விண்ணப்பத்தின் உச்சியில் உமாசங்கர் யாரைக் குறிப்பிட்டிருந்தார்? எழுந்திருக்கவே முடியாத மாடம்மாளை.

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னாலிருக்கும் அவர் வீட்டுக்கு, மேடம் வரும் அன்று, அக்காவும் தம்பியும் போனால் கட்டில் காலி! கூடை நிறைய வெண்டைக்காயோடு மாடம்மாள் சாவகாசமாக நடந்து வருகிறார்.

“அக்கா, இவங்க எப்பிடி நடக்காங்க?”

“நாந்தாம்லே நடக்க வச்சேன்!” உலகம்மை பூரித்தார். “தெனமும் காலைப் பிடிச்சு, மடக்கி, நீட்டி...”

“கெடுத்தியே! வண்டி போச்சு!”

உலகம்மையின் முகம் சுருங்கியது. ஒருவரை நடக்கவைத்து இன்னொருவரின் வண்டியைப் பிடுங்கிவிட்டோமோ?

உமாசங்கர் கெஞ்சினார். “அரை மணிக்கூர் அனங்காம, அசையாம கிட, மாடம்மா.”

“நடக்கப் படிச்சதுக்கு இதா தண்டனை, சாரே?” என்றாலும் தாணுலிங்கத்துக்காகப் படுத்தார்.

வாசலில் கார் நின்றது. அடுப்பில் பால் பொங்கியது. மாடம்மாள் துள்ளி எழுந்து ஓடினார். காலிக் கட்டிலை இந்த இனத்தால் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? உமாசங்கர் குதித்துப் படுத்து, போர்வையைத் தலை மூட இழுத்துக்கொண்டார்.

“இதா ரோகி? என்னா அசுகம்?” என்றபடி பத்மஜா வந்தார்.

உலகம்மைக்குப் பொய் வரவில்லை. விக்கல் வந்தது. பால் சொம்போடு வந்த மாடம்மாள்தான் பதில் சொன்னார்: “தீராத அசுகமாக்கும், மேடம். போட்டோ எடுத்தா மட்டும் எழும்பிரும்.”

பத்மஜா போனை உயர்த்தினார். போர்வை தானாக விலகியது. தலை நிமிர்ந்தது. வலது கன்னம் திரும்பியது. கருணை வழிந்தது.

பத்மஜா சிரித்த சிரிப்பில் போன் கட்டிலில் விழுந்தது. “அப்போ மாடம்மாள் யாரு?”

“ஞானாக்கும்!” சொம்பைத் தலையில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார் மாடம்மாள்.

பத்மஜா உமாசங்கரிடம் திரும்பினார். “சாரே, ரோகி நடந்தா பைசா கிட்டாதுன்னு யாரு பறஞ்சு? நடக்க வைக்கத்தானே ஞங்கள் பைசா தர்றது! இவங்களை யாரு நடக்க வச்சது?”

படுத்தவாக்கில் உமாசங்கர் வாழ்க்கையில் முதல்முறையாக வேறொருவரை நோக்கிக் கை நீட்டினார். “எங்க அக்கா.”

உலகம்மையின் விக்கல் நின்றது.

வண்டி வந்தது. அதில் தாணுலிங்கம் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கும் படத்தில் உமாசங்கர் பாதிதான் விழுந்திருக்கிறார். எந்தப் பாதி என்று சொல்லவும் வேண்டுமா? அதைச் சட்டம் போட்டு மாட்டி, வருகிறவர்களிடமெல்லாம், “எந்தம்பியாக்கும்” என்று அந்தப் பாதியைத்தான் காட்டுகிறார் உலகம்மை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கடைசியாக நீங்கள் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு கொண்டுபோனபோது எடுத்த படம் போனில் இருக்குமே, அதைக் கொஞ்சம் பாருங்கள். நோயாளி அதில் தெரிகிறாரா?

அது சரி, இப்போது எதற்குக் கன்னத்தைத் தடவுகிறீர்கள்?