வெந்நீர் ஊற்றில் ஒரு சனிக்கிழமை எண்ணெய்க் குளியல்

தலையில் நல்லெண்ணெய் வைத்ததும் சிலருக்கு அறிவு சற்று வழுக்கிவிடும். (சிலருக்கு என்ன, எனக்குத்தான். சாட்சி சொல்ல இரண்டு பேர் பெங்களூரிலேயே இருக்கிறார்கள்.)

தொண்ணூறுகளின் கடைசி. பொம்மசந்திராவில் ஷாக் அப்சார்பர் செய்யும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. புதிதாக வரவிருந்த அசெம்பிளி லைனுக்காக மூன்று பேரைப் பயிற்சிக்கு ஜப்பான் அனுப்பினார்கள்: அல்சூர் சேவியர், மைசூர் மஞ்சுநாத், சந்தாபுராவிலிருந்து நான். மூவரில் யார் லைன் இன்சார்ஜ் என்பதைப் பயிற்சியாளர் நகாஜிமா சான்தான் சொல்ல வேண்டும். எனக்கோ அந்தப் பதவி மேல் அப்படியொரு வெறி. பெண் வீட்டாரிடம் அம்மா ஏற்கெனவே "பையன் இன்சார்ஜ்" என்று சொல்லி வைத்திருந்தாள்.

நகாஜிமா சான் அதிகம் பேசமாட்டார். செய்து முடித்த ஷாக் அப்சார்பரைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, உள்ளிருக்கும் எண்ணெய் கசிந்து மேலே மிதக்கிறதா என்று கண் இமைக்காமல் பார்ப்பார். மிதந்தால் விரலை நீட்டி "லீக்" என்பார். அத்தோடு அது குப்பைக்குப் போய்விடும்.

அப்படிப்பட்டவர் ஒரு சனிக்கிழமை எங்களை மலைமேல் இருக்கும் வெந்நீர் ஊற்றுக்கு அழைத்துவிட்டார்! அவர் முன்னதாகக் கிளம்பிவிட, நாங்கள் வாடகைக் காரில் பின்னால் போனோம். அங்கேயும் நம்மூர் போல இடப்பக்கம் ஓட்டலாம் என்பதால் மஞ்சுவைக் கையில் பிடிக்க முடியவில்லை.

"குரு, இந்த ரோட்ல ஒரே ஒரு குழி காட்டு, மத்தியான ஊட்டா என்னோடது!" என்று கத்தினான். (அவனுக்கு எல்லோருமே 'குரு'தான்.)

"இவங்களுக்கு எதுக்குடா ஷாக் அப்சார்பர்? நம்ம ஓசூர் ரோட்டுக்கு வரச் சொல்லு" என்றான் சேவியர்.

ஒவ்வொரு வளைவிலும் கூச்சல் போட்டோம். தூரத்தில் ஒரு சிகரம் பனியோடு தெரிந்தபோது காரை நிறுத்தி, இறங்கி நின்று கூச்சல் போட்டோம். மலை இடுக்கில் ஆவி எழும்புவது தெரிந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பையிலிருந்து அம்மா கொடுத்த நல்லெண்ணெய்ப் பாட்டிலை எடுத்தேன். சனிக்கிழமை, ஊர் நிறைய வெந்நீர், ஜப்பான் வந்ததிலிருந்து காயும் உடம்பு. இதைவிட நல்ல நாள் எப்போது வரும்? உச்சந்தலையில் ஆரம்பித்து முழங்கை வரை தேய்த்தேன்.

"டேய், வெளியிலயே நல்லா தேச்சுக் குளிச்சிட்டுத்தான் குளத்துல எறங்கணுமாம். நகாஜிமா சொன்னாருல்ல?" என்று சேவியர் பதறினான்.

"தெரியும்டா. சீயக்காய் வச்சிருக்கேன். அலசிட்டுத்தான் எறங்குவேன்."

சத்தியமாக அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் அங்கே போனதும் உடுப்பையெல்லாம் ஒரு கூடையில் போடச் சொன்னார்கள். எல்லாவற்றையும். பதிலுக்கு இட்லித் துணி அளவில் ஒரு துண்டு கொடுத்தார்கள். (முன்னால் மறைத்தால் பின்னால் காற்று.) உள்ளே குட்டி முக்காலிகளில் பெரியவர்கள் பிறந்த மேனிக்கு வரிசையாக உட்கார்ந்து நிதானமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவே ஒரு முக்காலி எனக்காகக் காலியாக இருந்தது. அப்பால் குளத்தில், கழுத்து மட்டும் தெரிய நகாஜிமா சான்.

"குமார் சான்!" என்று கையை உயர்த்தினார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மறைந்துகொள்ளத் தண்ணீரை விட்டால் வேறு இடமில்லை. ஓடிப்போய்த் தொபுக்கடீர் என்று குதித்தேன்.

என்ன சுகம்! ஆஹா என்று தலையை முக்கி எழுந்தேன். அப்புறம்தான் எள் வாசனை வந்தது. என்னைச் சுற்றி ஏழு வண்ணத்தில் ஒரு படலம் விரிந்து, மெதுவாக நகாஜிமா சானின் முகவாயை நோக்கிப் போனது. கையால் தள்ளிப் பார்த்தேன். இன்னும் வேகமாகப் போனது.

அவர் கண் இமைக்கவில்லை. தன் முகவாயிலிருந்து அந்தப் படலத்தைப் பிடித்துக்கொண்டே வந்து, என் நெற்றியில் பார்வையை நிறுத்தினார். தண்ணீரிலிருந்து விரல் எழும்பியது.

"லீக்."

குளத்தில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக வெளியேறினார்கள். ஒருவர்கூடத் திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டேன். தண்ணீரை முழுக்க வெளியேற்றிய பிறகு, நாங்கள் மூவரும் பிரஷ் வாங்கிக்கொண்டு இறங்கினோம்.

"அந்தச் சீயக்காயைக் கொண்டா குரு, இப்பவாவது உபயோகமாகட்டும்" என்றான் மஞ்சு. எண்ணெய்ப் பிசுக்கு அதற்குத்தான் மசிந்தது. நகாஜிமா சான் வந்து குளத்துக் கல்லை விரலால் தடவி, முகர்ந்து பார்த்து, தலையசைத்துவிட்டுப் போனார். இன்சார்ஜ் கனவு அந்தத் தண்ணீரோடு போய்விட்டது என்று எனக்கு அழுகையே வந்தது.

நினைத்தபடியே சேவியர் இன்சார்ஜ் ஆனான். என்னைக் கசிவுச் சோதனைக்குப் போட்டார் நகாஜிமா சான். "எண்ணெய் தண்ணீரில் எப்படி மிதக்கும் என்பதை இவர் இனி மறக்கமாட்டார்" என்று காரணமும் சொன்னாராம். மறக்கவில்லைதான். வேலையை விடும்வரை அந்தத் தொட்டி முன்னால்தான் நின்றேன். அம்மாவும் அசரவில்லை. பெண் வீட்டாரிடம் "பையன் தண்ணித் தொட்டிக்கு இன்சார்ஜ்" என்று மாற்றிச் சொல்லிக் கல்யாணத்தையே முடித்துவிட்டாள்.

இன்றைக்கும் தீபாவளி விடியலில், நான் தலையில் எண்ணெயோடு உட்கார்ந்திருக்கும்போது சரியாக சேவியரின் போன் வரும். என்னிடம் கொடுக்காமல் என் மனைவியே எடுப்பாள்.

"இல்லண்ணா, இன்னும் எறங்கல. சீயக்காயோட நான் பாத்ரூம் வாசல்லயே நிக்கிறேன்."