ஆனாலும் சாரின் நாற்காலி

"எப்படி இருக்கு? மறைக்காம சொல்லுங்க," என்று மனைவி கேமராவின் பின்பக்கத் திரையை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

அவர் டீ கோப்பையைக் கீழே வைத்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். ஒருவர் தன் வேலையைக் கொண்டுவந்து கருத்துக் கேட்டால், பேப்பரைப் பார்த்துக்கொண்டே 'நல்லா இருக்கு' என்று சொல்லி அனுப்பக் கூடாது என்பது அவருடைய கொள்கை. கொள்கை மட்டுமல்ல, பிழைப்பும் அதுதான். இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருடமாகப் பயிற்சி அதிகாரி. அடுத்தவர் மனம் நோகாமல் குறை சொல்வது எப்படி என்று அதிகாரிகளுக்கு வகுப்பெடுப்பவர்.

முதலில் பாராட்டு, பிறகு ஒரு 'ஆனாலும்', அதன் பிறகுதான் குறை. இந்த வரிசை ஒரு நாளும் மாறியதில்லை என்பதால் ஆபீசில் அவருக்கு 'ஆனாலும் சார்' என்று பெயர். அது காதில் விழுந்தும் அவர் கோபித்துக்கொண்டதில்லை. உள்ளூரப் பெருமைதான்.

படத்தில் முன்னறை ஜன்னலோரம் ஒரு பூந்தொட்டி. இரண்டு சிவப்புப் பூக்கள்.

"பூ பிரமாதமா வந்திருக்கு. வெளிச்சமும் அழகா விழுந்திருக்கு. ஆனாலும்..."

"ஆனாலும்?"

"பூவைப் பார்க்க விடாம கண்ணு வேற எங்கேயோ போகுதே."

"எங்கே போகுது? எனக்குப் பிடிபடலை. நீங்களே சொல்லுங்க."

பூவுக்குப் பின்னால் மூன்று டேபிள் ஃபேன்கள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. மூன்றும் ஓடாதவை. மூன்றும் அவருடையவை.

இங்கே அந்த முன்னறையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அவர் எதையும் தூக்கிப் போடாதவர். ஃபேன்களைத் தவிர, பதினான்கு வருடத்துப் பேப்பர் கட்டுகள், உயிர்விட்ட கம்ப்யூட்டர் சாமான்கள் அடைத்த ஒரு பீரோ, கைப்பிடி இல்லாத குடைகள் என்று அறை நிரம்பி வழிந்தது. அவருடைய வகுப்புக் குறிப்பு நோட்டே இரண்டு மாதமாக அந்தக் குவியலில் எங்கேயோ மாட்டிக்கொண்டு கிடைக்கவில்லை. அதனால் மோசமில்லை. கடைசிப் பாடத்தை மட்டும்தான் அவர் நோட்டைப் பார்த்து நடத்துவார், மற்றதெல்லாம் மனப்பாடம்.

எல்லாவற்றுக்கும் நடுநாயகமாக ஒரு சுழல் நாற்காலி. அவர் முதன்முதலாக அதிகாரியானபோது உட்கார்ந்தது. ஆபீசில் கழித்துக் கட்டியபோது கெஞ்சி வாங்கி வந்துவிட்டார். அதில் ஒரு கோளாறு உண்டு. உட்கார்ந்தால் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். பேச ஆரம்பிக்கும்போது அதிகாரி உயரத்தில் இருப்பவர், பேசி முடிக்கும்போது முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருப்பார். இருந்தாலும் அதன் மேல் அவருக்கு உயிர். "வேற எதை வேணும்னாலும் கேளு, நாற்காலிப் பேச்சை மட்டும் எடுக்காதே," என்று மனைவியிடம் பல தடவை சொல்லியாகிவிட்டது.

மனைவி கணக்கு டியூஷன் எடுப்பவள். வகுப்பு நடப்பது சமையலறையில். சாப்பாட்டு மேஜையைச் சுற்றி ஐந்து பிள்ளைகள் உட்கார, ஆறாவது பிள்ளை ஃபிரிட்ஜ் மேல் நோட்டை வைத்து நின்றபடியே வகுத்தல் போடும். முன்பெல்லாம் அவளும் அறையைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறாள். இப்போது அந்தப் பேச்சு ஓய்ந்து, வீட்டுக்குள் புதிதாக ஒரு கேமரா வந்திருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை. தன்னிடம் ஒருவர் தானாக வந்து கருத்துக் கேட்கிறார், அதுவும் சொந்த மனைவி, என்ற மகிழ்ச்சியில் அதெல்லாம் தோன்றவில்லை.

"ஃபேன் மூணும் பின்னாடி இருக்கக் கூடாது," என்றார் உறுதியாக.

"அட, ஆமாம். அதை என்ன பண்ணலாம்?"

கருத்துச் சொல்பவன் பாதியில் கைகழுவக் கூடாது. அவரே ஃபேன்களைத் தூக்கிப்போய் ஜன்னலுக்கு வெளியே இருந்த பால்கனியில் வைத்தார்.

மறுநாள் படத்தில் ஃபேன்கள் இல்லை. அவை மறைத்துக்கொண்டிருந்த பேப்பர் கட்டுகள் இருந்தன. அவர் பூவைப் பாராட்டினார், 'ஆனாலும்' சொன்னார், கட்டுகளின் மேல் ஒரு வெள்ளைப் போர்வையை விரித்து மூடச் சொன்னார். அதற்கடுத்த படத்தில், பூவுக்குப் பின்னால் யாரோ போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்து அழுவது போல இருந்தது.

"இப்ப எப்படி?" என்றாள் மனைவி.

"பூ நல்லா இருக்கு. ஆனாலும், துக்க வீடு மாதிரி இருக்கு."

"எதனால அப்படித் தெரியுது? நீங்களே சொல்லுங்களேன்."

அவர் சொன்னார். சொன்ன வாய்க்கு வேறு வழியில்லை. பதினான்கு வருடத்துப் பேப்பரும் நான்கு நடையில் பழைய பேப்பர் கடைக்குப் போயிற்று. சுமந்தது அவர்தான்.

இப்போது பூவுக்குப் பின்னால் சுவர் பளிச்சென்று இருந்தது. ஆனால் படம் முழுக்கப் பூவே அடைத்துக்கொண்டு நின்றது. இரண்டடி பின்னால் தள்ளி நின்று எடுத்தால் ஜன்னலும் சேர்ந்து விழும் என்று அவர் யோசனை சொன்னார். மனைவி இரண்டடி பின்னால் போனாள். முதுகு பீரோவில் இடித்தது.

"இதுக்கு மேலே எப்படிப் போறது?" என்று அப்பாவியாகக் கேட்டாள்.

பீரோவை நகர்த்தலாம் என்று அவர் தோள் கொடுத்துத் தள்ளினார். கதவு திறந்துகொண்டு பதினொரு கீபோர்டுகளும் ஒரு கூடை ஒயரும் அவர் கால் மேலேயே கொட்டின. கட்டை விரல் வீங்கியது. வீங்கிய விரலோடு ஒரு கருத்தாளர் நியாயமாக யோசிக்க வேண்டியிருந்தது. நல்ல படத்துக்குத் தேவை தூரம். தூரத்துக்குக் குறுக்கே நிற்பது பீரோ. அதுவும், அதன் பக்கத்தில் சாத்தியிருந்த குடைகளும் போயின.

தூரத்திலிருந்து எடுத்தபோது ஜன்னல் முழுசாக விழுந்தது. ஜன்னல் வழியாகப் பால்கனியில் இருந்த மூன்று ஃபேன்களும் விழுந்தன. இந்தத் தடவை மனைவி கேட்பதற்கு முன்பே அவர் எழுந்துவிட்டார். நொண்டிக்கொண்டே மூன்றையும் கொண்டுபோய்ப் பழைய சாமான் வண்டியில் ஏற்றிவிட்டு வந்தார். திரும்பி வரும்போது எதிர்வீட்டுப் பல் டாக்டரம்மா வாசலில் நின்று, "என்ன சார், பெரிய வேலையா?" என்று விசாரித்தார். கலை என்றால் சும்மாவா என்று அவர் பெருமிதத்தோடு பதில் சொன்னார்.

கடைசியில் அறையில் மிஞ்சியது நாற்காலி மட்டும்.

அடுத்த படத்தை அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். ஜன்னல், பூ, வெளிச்சம் எல்லாம் பொருந்திவந்த படத்தில், சரியாக நடுவில், பஞ்சு பிதுங்கிய முதுகைக் காட்டிக்கொண்டு அது நின்றது. ஒரு சின்னக் குழந்தை பார்த்தாலும் சொல்லிவிடும், குறை எங்கே என்று.

"பூ பிரமாதம். ஆனாலும்..." என்றார்.

"சொல்லுங்க."

"ஆனாலும், கொஞ்சம் கிட்டப் போய் எடுக்கலாம்."

இருபத்திரண்டு வருடத்தில் அவர் சொன்ன முதல் பொய்யான கருத்து அது. கிட்டப் போய் எடுத்ததில் இலையில் இருந்த புழுவும் அது போட்ட ஓட்டையும் தெளிவாக வந்தன. சரி, நாற்காலியையே படத்துக்குப் பயன்படுத்தினால் என்ன என்று பூந்தொட்டியைத் தூக்கி அதன் மேல் வைத்தார். மனைவி நாலு படம் எடுத்தாள். முதல் படத்தில் பூ ஜன்னலின் நடுவில் இருந்தது. இரண்டாவதில் ஜன்னல் விளிம்பைத் தொட்டது. மூன்றாவதில் உச்சி மட்டும் தெரிந்தது. நாலாவதில் ஜன்னல்தான் இருந்தது, பூவைக் காணோம்.

மனைவி நாலு படத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டிவிட்டு, "ஏதோ சரியில்லை. என்னன்னுதான் தெரியலை," என்று உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் வகுப்பில் அவர் வழக்கம்போலத்தான் கம்பீரமாகப் பேசினார். முடிவில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் அதிகாரி எழுந்து, ஒருத்தர் வேலையில் குறை வந்ததற்குக் காரணமே நாமாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்டாள்.

"அப்பவும் சொல்லணும்மா," என்றார் யோசிக்காமல். "அப்பதான் முதல்ல சொல்லணும். நம்ம பக்கத்துக் குறையை மறைச்சிட்டு அடுத்தவங்களுக்குக் கருத்துச் சொல்ற ஆளுக்கு இந்த வேலைக்குத் தகுதி இல்லை."

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். அவருக்குத்தான் தண்ணீர் குடிக்க வேண்டும் போல இருந்தது. வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை. ஒரு பக்கம் நாற்காலி. இன்னொரு பக்கம் இருபத்திரண்டு வருடப் பெயர். இறங்கும்போது முடிவு செய்துவிட்டார்.

செருப்பைக் கழற்றியதும் நேராக மனைவியிடம் போனார்.

"உன் படத்துல ஒரு குறையும் இல்லை. குறை என் நாற்காலி. நேத்தே தெரியும். சொல்ல மனசு வரலை, அதனால புழுவை எல்லாம் படம் எடுக்க விட்டுட்டேன். மன்னிச்சுக்கோ."

"ஐயோ, நாற்காலியா? அது உங்களுக்கு உயிராச்சே," என்றாள் மனைவி. "வேணாங்க. படம் போனா போகுது."

அந்த ஒரு வார்த்தை போதும். அவருக்குள் இருந்த ஆசிரியர் நிமிர்ந்துவிட்டார். மாணவி இவ்வளவு தூரம் வந்த பிறகு கடைசிப் படியில் விட்டுவிடுவதா? நாற்காலியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினார். கீழே தெருவில் இறக்கி வைத்துவிட்டுக் கடைசியாக ஒரு தடவை அதில் உட்கார்ந்தார். அது அவரை மெல்லக் கீழே இறக்கியது. கண் கலங்கிவிட்டது. பழைய சாமான் வண்டிக்காரர் பொறுமையாகக் காத்திருந்து, அவர் எழுந்த பிறகு வாங்கிக்கொண்டார்.

மேலே வந்தபோது மனைவி படத்தை எடுத்து முடித்திருந்தாள்.

வெறும் அறை. திறந்த ஜன்னல். தரையில் நீளமாகப் படுத்திருந்த மாலை வெயில். ஓரத்தில் இரண்டு சிவப்புப் பூக்கள். இந்த அறையில் இவ்வளவு இடம் இருந்ததா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. தன் வீட்டில் இப்படி ஒரு படம் பிறக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை. அதைப் பிறக்க வைத்தது தன்னுடைய கருத்து என்பதில் அவருக்குச் சந்தேகமும் இல்லை.

"பிரமாதம்," என்றார்.

மனைவி காத்திருந்தாள். "ஆனாலும்?"

"ஆனாலும் ஒண்ணும் இல்லை. இது போதும். நான் ஆயிரம் பேருக்குக் கருத்துச் சொல்லியிருக்கேன். அதை இப்படி எடுத்துக்கிட்டு முன்னேறினது நீ ஒருத்திதான்."

மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாராட்டினால் வெட்கப்படுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். அப்போது அழைப்பு மணி அடித்தது. எதிர்வீட்டுப் பல் டாக்டரம்மா கையில் ஒரு நோட்டோடு உள்ளே வந்தார். வெறுமையான அறையைச் சுற்றும் முற்றும் பார்த்தார். சுவருக்குச் சுவர் அடி வைத்து அளந்துகூடப் பார்த்தார். மனைவியைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, நோட்டை அவர் கையில் கொடுத்தார். இரண்டு மாதமாகக் காணாமல் போயிருந்த அவருடைய வகுப்புக் குறிப்பு நோட்டு.

"ரொம்ப நன்றி சார். சொன்னா கேக்காத ஆளுங்ககிட்ட குறையை நாம சொல்லக் கூடாது, 'நீங்களே சொல்லுங்க'ன்னு கேட்டுக் கேட்டு அவங்க வாயாலயே வர வைக்கணும்னு கடைசிப் பாடத்துல எழுதியிருக்கீங்களே, அது வேலை செய்யும்னு அக்கா சொன்னப்ப நான் நம்பலை. என் கேமராவைத் திருப்பிக் குடுத்தீங்கன்னா இன்னிக்கே எங்க வீட்டுக்காரர்கிட்ட ஆரம்பிச்சிடுவேன், அவர் சேர்த்து வெச்சிருக்கறது எல்லாம் பழைய டயர்."