பன்னிரண்டு வாயசைவு சமாதானம்

உலகத்தில் இதுவரை நடக்காமல் போன போர்கள் அத்தனைக்கும் நானே காரணம். நடந்துவிட்ட போர்களைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள். சம்பந்தப்பட்டவர்கள் படத்தைக் கடைசிவரை பார்க்காமல் பாதியில் எழுந்து போயிருப்பார்கள். அதற்கு நான் பொறுப்பாக முடியாது.

படத்தின் பெயர் ‘செம்புமுகன்’. வெளிநாட்டிலிருந்து வந்த கார்ட்டூன் படம். முப்பத்தொரு வருடங்களுக்கு முன் அதற்குத் தமிழ் வசனம் எழுதியவன் நான். மாவீரன் செம்புமுகனுக்குக் குரல் கொடுத்தவர் என் தங்கையின் கணவர். வில்லியான கருங்கோள் ராணிக்குக் குரல் கொடுத்தவள் என் தங்கை. குடும்பப் படம் என்று சொல்வார்களே, அது இதுதான்.

எண்பத்திரண்டு நிமிடப் படத்தில் எண்பத்தொரு நிமிடம் செம்புமுகன் குத்துவான். ஏழு பாலங்கள், மூன்று நகரங்கள், நிலவில் ஒரு பாதி ஆகியவற்றை நொறுக்கிவிட்டு, கடைசி நிமிடத்தில் இடிபாடுகள் மேல் ஏறி நின்று, ஓங்கிய கையோடு உலகத்துக்குச் சொல்வான்: “போர் எதையும் தீர்க்காது. முதலில் நானே கையை இறக்குகிறேன்.” சொன்னபடியே இறக்குவான். அதற்குள் அடிப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்று சில விமரிசகர்கள் எழுதினார்கள். வயிற்றெரிச்சல்.

பெருமைக்காகச் சொல்லவில்லை, அந்த வரி பள்ளிக்கூடச் சுவர்களில் எழுதப்பட்டது. ஒரு பல் மருத்துவர் அதைச் சட்டம் போட்டு, நோயாளிகள் காத்திருக்கும் அறையில் மாட்டினார். எங்கள் தெருவில் என் பெயரை மறந்து ‘சமாதானம்’ என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். “சமாதானம் சார், உங்க வீட்டுக் குழாய்த் தண்ணி எங்க சுவர்ல வழியுது” என்று பக்கத்து வீட்டுக்காரர் வருடக்கணக்காகப் புகார் சொல்லும்போதுகூட எனக்கு மெய்சிலிர்க்கும்.

சமாதானம் எப்படிப் பிறந்தது என்பதை வருங்காலச் சந்ததிக்காகப் பதிவு செய்கிறேன். மொழிமாற்றுப் படத்துக்கு எழுதுவது கருத்தைப் பொறுத்த வேலை அல்ல, வாயைப் பொறுத்த வேலை. திரையில் வாய் எத்தனை முறை திறந்து மூடுகிறதோ அத்தனை அசை எழுத வேண்டும். செம்புமுகனை வரைந்தவர்கள் சிக்கனக்காரர்கள். அவனுக்கு மூன்று வாய்கள்தான் வரைந்திருந்தார்கள்: மூடிய வாய், பாதி வாய், முழு வாய். இந்த மூன்றை மாற்றி மாற்றி வைத்தே அவன் கர்ஜித்தான், காதலித்தான், தத்துவமும் பேசினான். படத்தோடு வந்த மூல வசனத் தாள்களில் கடைசித் தாளைக் காணவில்லை. செம்புமுகன் உண்மையில் என்ன சொன்னான் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. பற்பசை விளம்பரமாகக்கூட இருந்திருக்கலாம். முதலில் ஏழு வாயசைவு, பிறகு ஓர் இடைவெளி, பிறகு பன்னிரண்டு வாயசைவு. அவற்றை நிரப்பியாக வேண்டும், நிரப்பினோம். நடுவில் வரும் இடைவெளியை ஓர் ஆய்வாளர் ‘நாகரிகத்தின் மௌனம்’ என்று பாராட்டியிருக்கிறார். அந்த இடத்தில் செம்புமுகன் ஒரு பறவையைத் திரும்பிப் பார்க்கிறான்.

தகராறு அந்தப் பன்னிரண்டில்தான் வந்தது. படத்துக்கு இருபது வயது நிறைந்த விழாவில் மாப்பிள்ளை மைக்கைப் பிடித்தார். ‘முதலில் நானே கையை இறக்குகிறேன்’ என்ற நான்கு சொற்களும் என் தாளில் இல்லை என்றும், ஒலிப்பதிவின்போது தன் உள்ளத்திலிருந்து தாமாகப் பொங்கி வந்தவை என்றும் அறிவித்தார். நான் மேடையிலேயே எழுந்து மறுத்தேன். அவர் என்னைப் புளுகன் என்றார். நான் அவரைக் கிளிப்பிள்ளை என்றேன். “இனிமே உங்க வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டோம்” என்று அவர் சபதம் செய்தார். அந்த ‘மாட்டோ’முக்குள் என் தங்கையும் இருந்தாள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதன்பின் பதினொரு வருடம். எங்கள் நிபந்தனைகள் எளிமையானவை. அவர் முதலில் வருத்தம் தெரிவித்தால் நான் மன்னிக்கத் தயார். நான் முதலில் தெரிவித்தால் அவர் தயார். முதலில் கையை இறக்குகிறேன் என்று எழுதியது யார் என்பதற்காக, முதலில் கையை இறக்குவது யார் என்று இருவரும் காத்திருந்தோம். கொள்கைப் பிடிப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும்.

தங்கையை மட்டும் மாதத்தின் முதல் சனிக்கிழமை சாயங்காலம் மருந்துக்கடை வரிசையில் பார்ப்பேன். எங்கள் இருவருக்குமே ரத்த அழுத்தம், ஒரே மாத்திரை. வரிசையில் எனக்கு முன்னால் நிற்பவள் பின்னால் வந்து நின்றுகொள்வாள், கொஞ்சம் கூடுதலாகப் பேசலாம் என்று. கடைக்காரர் சுறுசுறுப்பானவராக இருந்தால் எங்களுக்கு வருத்தமாக இருக்கும்.

இப்படி உலக அமைதி நிலவிக்கொண்டிருந்தபோது, பழைய படங்களைத் துடைத்துப் புதுப்பித்து வெளியிடும் ஒரு நிறுவனம் ‘செம்புமுக’னை வாங்கியது. என்னை ‘காலப் பொருத்த ஆய்வுக் கூட்டம்’ ஒன்றுக்கு அழைத்தார்கள். கூட்டத்தை நடத்தியவர் புதுப்பிப்பு அதிகாரி. கழுத்திலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றாத இளம்பெண். படத்தின் குறைகளைப் பட்டியல் போட்டு வைத்திருந்தார். செம்புமுகன் “இதோ பறக்கிறேன்!” என்று சொல்லிக்கொண்டே பறக்கிறான். சங்கிலியால் கட்டப்பட்டபோது “என்னைச் சங்கிலியால் கட்டிவிட்டார்களே!” என்கிறான். ராணி தன் சதித்திட்டம் முழுவதையும் வரைபடம் வைத்து எதிரிக்கே விளக்குகிறாள். ‘அதே சமயம், வேறோர் இடத்தில்’ என்று பதினான்கு முறை வருகிறது. இதெல்லாம் பழைய பாணி இல்லையா என்று கேட்டார்.

அக்கால ரசிகர்கள் கண்ணால் கண்டதைக் காதாலும் உறுதிசெய்துகொண்ட பிறகே நம்புவார்கள் என்று விளக்கினேன். அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

“சார், ராணி மூணு தடவ பேசித் தீர்த்துக்கலாம்னு சொல்றாங்க. மூணு தடவையும் அவங்க பேசி முடிக்கிறதுக்குள்ள இவர் குத்திடறார். இது போருக்கு எதிரான படம்தானே?”

“வில்லி பேசினா அது சூழ்ச்சிம்மா. நாயகன் குத்தினா அது சமாதானம். இதுகூடத் தெரியாம எப்படிப் படம் துடைக்கிறீங்க?”

அவர் அதையும் குறித்துக்கொண்டார். பிறகு விஷயத்துக்கு வந்தார். அந்த நான்கு சொற்களுக்கு உரிமை கோரி நானும் மாப்பிள்ளையும் பல வருடங்களாகப் பழைய தயாரிப்பு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி வந்திருக்கிறோம். என்னுடையவை நாற்பத்தொன்று, அவருடையவை நாற்பத்து மூன்று. வழக்கு வரக்கூடிய வசனத்தை நிறுவனம் வைத்துக்கொள்ளாது. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் நாங்கள் இருவரும் ஒரே படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் அந்த வரி நீக்கப்படும். செம்புமுகனின் வாயைக் கணினியில் மூடிவிடுவார்கள், அவன் ஓங்கிய கை ஓங்கியபடியே படம் முடிந்துவிடும்.

அடுத்த நாள் மாதத்தின் முதல் சனிக்கிழமை. தங்கைக்குச் செய்தி போயிருந்தது. வரிசையில் எனக்குப் பின்னால் நின்று, குரலை உயர்த்தாமல் பேசினாள். கருங்கோள் ராணியாக மூன்று நகரங்களை நடுங்க வைத்த குரல் அது.

“அண்ணா, கையெழுத்துப் போட்டுடுங்க. யார் பேர் முன்னாடி இருந்தா என்ன? அவரும் போட்டுட்டா இந்தச் சண்டை முடிஞ்சிடும். பதினொரு வருஷமா உங்ககூட நின்னுக்கிட்டேதான் பேசுறேன். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்து, உக்காந்து பேசணும்ணா. அவ்வளவுதான்.”

யோசிக்கிறேன் என்றேன். வீடுவரை யோசித்துக்கொண்டே நடந்தேன். யார் பெயர் முன்னாடி இருக்கும் என்று.

வெள்ளிக்கிழமை மூன்று பேரும் ஓர் அறையில் உட்கார்ந்தோம். மாப்பிள்ளை சுவரைப் பார்த்தார். நான் எதிர்ச்சுவரைப் பார்த்தேன். தங்கை நடுவில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, வெகுநாள் கழித்துப் புதுப் புடவையில் இருந்தாள். அதிகாரி ஓர் ஆச்சரியம் வைத்திருப்பதாகச் சொன்னார். அன்றைய ஒலிப்பதிவு நாடா கிடைத்திருக்கிறதாம். வசனம் பேசுவதற்கு முன் அறையில் நடந்த பேச்சும் அதில் இருக்கிறதாம். உண்மை வெளிவரப் போகிறது என்று நானும் மாப்பிள்ளையும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

நாடா ஓடியது. முதலில் என் குரல். அந்தப் பன்னிரண்டு வாயசைவில் ஒரு கவிதை வைக்க வேண்டும் என்று கத்தினேன். அடுத்து மாப்பிள்ளை. கவிதை வேண்டாம், செம்புமுகன் இடிபாடுகள் மேல் நின்று பன்னிரண்டு முறை ‘ஹா’ என்று சிரித்தால் போதும் என்று கத்தினார். நாற்காலி நகரும் சத்தம். யாரோ யாருடைய சட்டையையோ பிடிக்கும் சத்தம். பிறகு என் தங்கையின் குரல், முப்பத்தொரு வருடம் இளையது, சலித்துப்போய்:

“உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு தடுத்துத் தடுத்து என் கைதான் வலிக்குது. முதல்ல நானே கையை இறக்குறேன். நீங்க நல்லா அடிச்சிக்குங்க.”

பிறகு மாப்பிள்ளை, “மச்சான், அது கிட்டத்தட்ட சரியா வருது” என்றார். நான், “இரு, இரு, எழுதிக்கிறேன்” என்றேன்.

நாடா நின்றது. அதிகாரியின் முகம் மலர்ந்துவிட்டது. “அப்ப இது அம்மாவோட வரி! பிரச்சினையே இல்ல. அம்மா பேரைப் போட்டுடலாம். நீங்க ரெண்டு பேரும் உரிமைய விட்டுக் கொடுக்கிறதா கையெழுத்துப் போட்டாப் போதும்.” தங்கை சிரித்துவிட்டாள். பதினொரு வருடமாக அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததில்லை. “பேரெல்லாம் வேணாம்மா. இவங்க கையெழுத்துப் போட்டா சரி” என்று எங்களைப் பார்த்தாள்.

அப்போதுதான் அந்தச் சரித்திரச் சம்பவம் நடந்தது. மாப்பிள்ளை சுவரிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்து, “மச்சான், ஒரு நிமிஷம் வெளிய வர்றீங்களா?” என்றார்.

தாழ்வாரத்தில், தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில், இரு தரப்பும் பேச்சுவார்த்தைக்கு அமர்ந்தன. நாற்காலி இல்லாததால் நின்றன. பதினொரு வருடத்தில் தீராதது ஆறு நிமிடத்தில் தீர்ந்தது. நெருக்கடி நேரத்தில்தான் பெரிய மனிதர்களின் விவேகம் வெளிப்படும். கூட்டறிக்கையின் சாரம் வருமாறு: (அ) மேற்படி பெண்மணி சொன்னது சலிப்பில் வந்த பேச்சு, சமாதான நோக்கம் கொண்டதல்ல. ‘நல்லா அடிச்சிக்குங்க’ என்ற பின்பகுதியே அதற்குச் சான்று. (ஆ) அவர் ‘முதல்ல’, ‘இறக்குறேன்’ என்று சொன்னதில் பதினோரு அசைதான். படத்தில் இருப்பது பன்னிரண்டு. எனவே இரண்டும் வெவ்வேறு. (இ) அந்தப் பன்னிரண்டாவது அசை எங்கள் இருவரின் கூட்டு உழைப்பு.

உள்ளே வந்து, அறிக்கையைப் படிவத்தின் பின்புறம் எழுதி, ஒரே பேனாவில், ஒருவர் பின் ஒருவராகக் கையெழுத்திட்டோம். யார் முதலில் என்பதில்கூடச் சண்டை வரவில்லை. மாப்பிள்ளை என்னைக் கட்டிக்கொண்டார். என் கண் கலங்கியது. போர் முடிந்தது.

தங்கை அறிக்கையை வாங்கி இரண்டு முறை படித்தாள். மடித்து அதிகாரியிடம் திருப்பிக் கொடுத்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“சரிண்ணா. இனிமே மாத்திரை வாங்க நான் காலையில போயிடறேன். நீங்க எப்பவும்போல சாயங்காலமே போங்க.”

புதுப்பிக்கப்பட்ட படம் வெளியாகிவிட்டது, வசனமும் தப்பித்துவிட்டது. எங்கள் இரண்டு பெயர்களும் ஒரே வரியில், ஒரே அளவு எழுத்தில் வருகின்றன. இப்போது மாப்பிள்ளை ஞாயிறுதோறும் என் வீட்டுக்கு வருகிறார். தனியாக வருகிறார். இருவரும் சோபாவில் உட்கார்ந்து படம் பார்க்கிறோம். ராணி வரும் இடங்களை ஓட்டிவிடுகிறோம், அந்தக் குரலைக் கேட்டால் ஏனோ இருவருக்குமே படம் பார்க்க முடிவதில்லை. போன மாதம் முதல் சனிக்கிழமை காலையில், தற்செயலாகத்தான், எட்டு மணி நேரம் முன்னதாக மருந்துக்கடைக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றிருந்தாள். பின்னால் வந்து நிற்பாள் என்று பார்த்தேன். மாத்திரையை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

என்ன செய்வது? உலகத்துக்கே சமாதானம் சொல்லிக் கொடுத்தவர்கள் நாங்கள். கூடப் பிறந்தவளுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. ஆயிரம் இருந்தாலும் வில்லிக்குக் குரல் கொடுத்தவள்தானே.